படுகளம், புல எண் 214/2பி

சங்கிலி இழுத்துப் பழக்கமில்லை எனக்கு.
முக்காலிமேல் கருவி,
செயற்கைக்கோளைக் கேட்டு
வரப்பு எங்கே முடிகிறதென்று சொல்லும்.

சூளகிரியில் இறங்கி, பேருந்து மாறி,
திம்மனட்டி போய்ச் சேர்ந்தபோது
ஊர்ச் சுவர்கள் எனக்கு முன்பே அளந்தாகியிருந்தன.
வெள்ளையடித்து, மூலைக்கு மூலை
கட்சிப் பெயர், அடுத்த தேர்தல்வரை முன்பதிவு.
அடியில் பொடியெழுத்தில்: ஓவியர் பைரேஷ், கைப்பேசி எண்.

அதே பைரேஷ்தான் மாந்தோப்பில்
மஞ்சள் பெயின்டால் மரங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தான்.
பெங்களூரா தொண்ணூறு. செந்தூரா நாற்பத்திமூன்று.
மூன்றின் வாலை அவன் இழுத்துவிட்ட அழகுக்கே
இழப்பீடு கூட்டிக் கொடுக்கலாம்.
"காய்க்கிறதா காய்க்காததான்னு
நீங்க எழுதிக்குங்க மேடம்,
நம்மது வெறும் நம்பர்தான்."

நான் வந்தது 214/2பி-க்கு.
அடங்கலில் 'தரிசு'.
பொய்யில்லை. வருஷத்தில்
பதினெட்டு நாள் போக மீதியெல்லாம் தரிசு.

அன்று பதினெட்டாம் நாள்.
அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.

தரிசின் நடுவே மல்லாந்து கிடந்தான் துரியோதனன்.
உச்சி முதல் பாதம்வரை பதினாறு மீட்டர் இருபது
(பழக்கதோஷம், எடுத்துவிட்டேன்).
ஏரி மண்ணில் குவாரித் தூள் ஏறிவிட்டதாம்,
உருவம் நிற்கவில்லை.
கம்பெனி அஸ்திவாரத்தில் தோண்டிய மண்
ஏழு டிப்பர் வந்து கொட்டியது, இலவசமாக.
'உபயம்' என்று ஃபிளெக்ஸ்கூட இருந்தது.
மீசைக்குக் கரி. கிரீடத்துக்கு
மரங்களுக்குப் போக மிஞ்சிய மஞ்சள்.

கருவியை நிறுத்திப் பார்த்தேன்.
எல்லைக்கோடு
அவன் தொடை வழியாகப் போனது.
தலையும் மார்பும் தொழிற்பேட்டைக்கு.
கால்கள் இன்னும் ஊருக்கு.

"யாரது, என் நிலத்தை அளக்கிறது?"

புஜக்கட்டை, கிரீடம், முகமெல்லாம் அரிதாரம்.
லகுமையா. அந்தக் கம்பெனியிலேயே
ஒப்பந்தக் கூலி, இரவு ஷிப்ட்.
கதையை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி மூன்று முறை ஆடினான்.
மிருதங்கக்காரர் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தார்.
பிறகு கதாயுதத்தைத் தரையில் ஊன்றி
அந்த வசனத்தைச் சொன்னான்:
"ஐந்து ஊர் கேட்டும் தராதவன்,
ஐந்து வீடு கேட்டும் தராதவன்,
ஊசிமுனை குத்துமிடமும்
தரமாட்டேன், போ!"

வருஷாவருஷம் இதற்கு ஊர் காறித் துப்புமாம்.
பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்களாம்.

அன்று விசில் பறந்தது.

வழக்குப் போட்டவர்கள், பணம் வாங்கியவர்கள்,
வாங்கிய பணத்தில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வராதவர்கள்,
யார் விசில் யாருடையதென்று பிரிக்க முடியவில்லை.
முன்வரிசையில் ஊராட்சித் தலைவர்
பக்கத்து நாற்காலிக் கம்பெனி மேலாளரைப் பார்த்துவிட்டு
கொஞ்சம் தாமதமாகக் கைதட்டினார்.
மேலாளரும் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

லகுமையா அறுபது சென்ட்டுக்குக்
கையெழுத்துப் போட்டவன் என்பது
என் கோப்பில் இருக்கிறது. பக்கம் 31.
வேஷத்தோடு அவன் சாய்ந்து நின்ற பைக்
அந்த அறுபது சென்ட்.

பீமன் வந்தான். தொடையில் அடித்தான்.
உள்ளே புதைத்த பானை உடைந்து
சிவப்புத் தண்ணீர் என் எல்லைக்கோட்டோடு ஓடி
முக்காலியின் காலை நனைத்தது.
கூந்தல் முடித்தாகிவிட்டது.
அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஆளாளுக்கு அவனைப் பிய்த்தார்கள்,
குதிருக்கு ஒரு பிடி, கழனிக்கு ஒரு பிடி.
ஒருத்தி டிபன்பாக்ஸைத் திறந்தாள்.
"கழனி போயிருச்சு. ஓசூர்ல வாடகை வூடு.
அரிசி டப்பாவுல போட்டு வெப்பேன்."

இருட்டுவதற்குள்
பதினாறு மீட்டர் இருபதில் ஒன்றுமில்லை,
கிரீடத்தின் மஞ்சள் ஓடு மட்டும்
நாலைந்து துண்டாக.

களக்குறிப்பில் 'தரிசு' என்றே விட்டேன்.
'ஆட்சேபணை' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு
கடைசிப் பேருந்தின் ஹாரன்வரை உட்கார்ந்திருந்தேன்.

கிருஷ்ணகிரி வந்து பையைத் திறந்தால்
முக்காலியின் மூன்று கூர்முனையிலும் மண்.
தட்டிவிட வேண்டியதுதான்.
நாளைக்கு வேறு புல எண்.